ஊதா நாடாவின் பின்னால்: தில்லியிலிருந்து திராஸ் வரை

முதல் நாள் – தில்லி

ஆற்காடு சாலையில் சாலிகிராமத்தைக் கடக்கும்போதெல்லாம் ‘பரமேஸ்வரன் விஹார்’ என்ற பெயர் கண்ணில் படும். யாரோ ஒரு சிவபக்தர் கட்டிய குடியிருப்பு என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். அது மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர் என்பதும், போர்க்கள வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே தமிழர் அவர்தான் என்பதும் சென்ற வருடம்தான் தெரியவந்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் இந்தப் பயணத்துக்கு முதல் காரணம். இரண்டாவது காரணம், செப்டம்பரில் மிச்சமிருந்த ஒன்பது நாள் விடுப்பு.

இன்று காலை நேராகத் தேசியப் போர் நினைவகத்துக்குப் போனேன். இந்தியா கேட்டுக்குப் பின்னால், 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. உலகளாவிய போட்டி வைத்து வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள்; வென்றது சென்னையைச் சேர்ந்த ‘வீபி டிசைன் லேப்’ என்ற கட்டடக்கலை நிறுவனம். இதையும் நம் ஊரில் அதிகம் பேர் சொல்லிக் கேட்டதில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. நடுவில் ஒரு தூண், சுற்றிலும் தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் வட்டங்கள். இறங்க இறங்க வாகன இரைச்சல் குறைந்துகொண்டே வருகிறது. தியாகச் சக்கரம் எனப்படும் வட்டத்தின் சுவர்களில் கருங்கல் பலகை பலகையாகப் பெயர்கள். திறக்கும்போதே 25,942 பெயர்கள் இருந்தன. படிக்க முடியாது. ஒரு சுவரில் ‘முருகன்’ என்ற பெயரைக் கண்டதும் கால் தானாக நின்றது, அவ்வளவுதான்.

நான் தேடி வந்தது அதற்கு வெளியே, மரங்களுக்கு நடுவில் இருக்கும் பரம யோதா ஸ்தலம். பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் மார்பளவு வெண்கலச் சிலைகள். 1950 ஜனவரி 26 அன்று விருதை நிறுவி, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும் என்று அறிவித்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை 21 பேர்தான். அவர்களில் 14 பேருக்கு மறைவுக்குப் பின்.

பரமேஸ்வரன் சிலை முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம் நின்றிருந்தது. பத்து வயதுப் பையன் ஒவ்வொரு சிலையாக ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வந்து, “அப்பா, முகுந்த் வரதராஜன் ஏன் இல்லை?” என்று கேட்டான். அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. நான்தான் வாயைத் திறந்தேன். மேஜர் முகுந்த் பெற்றது அசோகச் சக்கரம். இரண்டும் வீரத்துக்கான மிக உயர்ந்த விருதுகளே, ஆனால் தடம் வேறு. பரம்வீர் சக்கரத்துக்கான விதியில் ‘எதிரியின் முன்னிலையில்’ என்றொரு சொற்றொடர் இருக்கிறது: நிலத்திலோ கடலிலோ வானிலோ எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரம். அசோகச் சக்கரம் அப்படி அல்லாத வீரத்துக்கு. உள்நாட்டில் தீவிரவாதிகளை எதிர்த்து நிற்பதும் அந்த இரண்டாவது கணக்கில்தான் வரும்.

பையன் விடவில்லை. “அப்படியென்றால் இவருக்கு யார் எதிரி, மாமா?” என்று பரமேஸ்வரனைக் காட்டினான்.

“இலங்கையில் சண்டை போட்டார்” என்று மட்டும் சொன்னேன். அவனுடைய அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பையனை ஐஸ்கிரீம் பக்கம் அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

1987 நவம்பர் 25. இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படையின் 8 மகார் பட்டாலியன், யாழ்ப்பாணக் குடாநாடு. தேடுதல் வேட்டை முடிந்து இரவில் திரும்பிக்கொண்டிருந்த அணியை மறைந்திருந்த விடுதலைப் புலிகள் தாக்கினார்கள். பரமேஸ்வரன் தன் ஆட்களோடு பின்புறமாகச் சுற்றி வளைத்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்தது. சுட்டவனின் துப்பாக்கியையே பறித்து அவனைச் சுட்டார். உயிர் போகும்வரை உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். விருதோடு வெளியிட்ட பாராட்டுரை இவ்வளவுதான் சொல்கிறது. பறித்த துப்பாக்கிக்குச் சொந்தக்காரன் எந்த ஊர், என்ன வயது என்று எந்தப் பாராட்டுரையும் சொல்லாது. அது அதன் வேலையும் அல்ல.

1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தப் போரில் இந்தியப் படையினர் ஆயிரத்து நூறு பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். நம் ஊரில் பரமேஸ்வரனை ஏன் யாரும் பாடவில்லை என்பதற்கு வேறெங்கும் காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் – ஸ்ரீநகர்

விமானம் இறங்கத் தொடங்கியதும் பணிப்பெண் வந்து ஜன்னல் மூடிகளை இறக்கச் சொன்னார். ராணுவ விமானத்தளம், மேலிருந்து பார்க்கவோ படம் எடுக்கவோ கூடாது. பக்கத்து இருக்கைக்காரர் மூடிக்குக் கீழே விரலிடை வைத்து எட்டிப் பார்த்து ஒரு திட்டும் வாங்கிக்கொண்டார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மூடிக்கு அந்தப் பக்கம் இருப்பது பட்காம் மேட்டுநிலம். முதல் பரம்வீர் சக்கரம் விளைந்த மண்.

1947 அக்டோபர் 27 முதல் டகோட்டா விமானங்களில் இந்தியத் துருப்புகள் வந்திறங்கியது இந்தத் தளத்தில்தான். அன்று இது போயிருந்தால் பள்ளத்தாக்கும் போயிருக்கும். நவம்பர் 3 அன்று மேஜர் சோமநாத் சர்மா, 4 குமாவூன் பட்டாலியனின் ஒரு கம்பெனியோடு பட்காமில் ரோந்தில் இருந்தார். வயது 24. ஹாக்கி ஆட்டத்தில் உடைந்த இடது கையில் மாவுக்கட்டு. அந்தக் கையோடு போக வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் போனவர். நூற்றுக்கணக்கான ஊடுருவல்காரர்கள் மூன்று பக்கமும் சூழ்ந்துகொண்டார்கள்; ஏழுக்கு ஒன்று என்ற கணக்கு. ஆட்கள் விழ விழ, சுடுவதற்குக் கை போதவில்லை. மாவுக்கட்டுக் கையோடு இவரே தோட்டா உறைகளை நிரப்பி எந்திரத் துப்பாக்கிக்காரர்களுக்கு ஓடி ஓடிக் கொடுத்தார். ஒரு மோர்ட்டார் குண்டு அந்தத் தோட்டாக் குவியலின் மேலேயே விழுந்தது.

எனக்கு இந்த விருதுக் கதைகளிலேயே மிகவும் பிடித்தது இந்த இடம்தான்: ஒரு மேஜர், அடுப்படியில் பரிமாறும் ஆளைப்போல, தோட்டா நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதே ஓடுபாதையில் இன்னொரு சக்கரமும் இருக்கிறது. 1971 டிசம்பர் 14 அன்று பாகிஸ்தானின் ஆறு சேபர் போர்விமானங்கள் தளத்தின்மேல் குண்டு பொழிந்துகொண்டிருக்கும்போதே, பறக்கும் அதிகாரி நிர்மல்ஜித் சிங் செக்கோன் தன் சின்னஞ்சிறு நாட் விமானத்தை மேலே கிளப்பினார். இறங்கி வரவில்லை. விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்கரம் அது. முதல் சக்கரமும் வான்படையின் ஒரே சக்கரமும் ஒரே விமானத்தளத்தைக் காக்கப் போய் வந்தவை. நானோ அந்த ஓடுபாதையில் ஜன்னலை மூடிக்கொண்டு இறங்கி, பெட்டி சுற்றும் பட்டையில் என் பை வரவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டு நின்றேன். வந்துவிட்டது, கடைசியாக.

மாலையில் ஜீலம் கரையில் உட்கார்ந்து சக்கரத்தின் படத்தை மறுபடி பார்த்தேன். வெண்கலம். குறுக்களவு 35 மில்லிமீட்டர், அதாவது பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது. நடுவில் நான்முகச் சிங்கம், நான்கு பக்கமும் நான்கு வச்சிராயுதங்கள். பின்புறம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெயர், இரண்டுக்கும் இடையே தாமரைப் பூக்கள். நாடா வெறும் ஊதா. கோடு கிடையாது, வேறு நிறம் கிடையாது.

வரைந்தவர் சாவித்திரி கானோல்கர். பிறந்தது சுவிட்சர்லாந்தின் நௌஷாதெல், இயற்பெயர் ஈவ். விக்ரம் கானோல்கர் என்ற இந்திய ராணுவ அதிகாரியை மணந்து, இந்துவாகி, சமஸ்கிருதமும் புராணங்களும் கற்றவர். வடிவம் வேண்டும் என்று மேஜர் ஜெனரல் ஹீராலால் அடல் கேட்டபோது, சாவித்திரிக்கு நினைவுக்கு வந்தது ததீசி முனிவரின் முதுகெலும்பு. விருத்திராசுரனைக் கொல்ல ஆயுதம் வேண்டும் என்று தேவர்கள் கேட்க, தன் உடலையே விட்டு எலும்பைக் கொடுத்தவர் ததீசி. அதில் செய்தது வச்சிராயுதம். அசுரனைக் கொன்ற இந்திரனை விட்டுவிட்டு, எலும்பைக் கொடுத்தவரைத் தேர்ந்தெடுத்தார் பாருங்கள், அங்கேதான் அந்த அம்மாளின் நுட்பம். அவருடைய மூத்த மகளின் மைத்துனர்தான் சோமநாத் சர்மா. தான் வரைந்த சக்கரம் முதலில் போய்ச் சேர்ந்தது சொந்தச் சம்பந்தி வீட்டுக்கு.

மூன்றாம் நாள் – சோஜிலா வழியாகத் திராஸ்

அதிகாலையில் பகிர்வு டாக்ஸி. ஓட்டுநர் திராஸ்காரர், நாற்பதுக்குள் இருப்பார். சோனமர்க்குக்கு முன்னால் ஆறரை கிலோமீட்டர் சுரங்கப்பாதை. பனிச்சரிவுக்குப் பயந்து நிற்கும் வேலை அங்கே இனி இல்லை. அதன் பிறகுதான் சோஜிலா. இந்தக் கணவாயில் எந்த நேரத்தில் எந்தத் திசை வண்டிகள் போகலாம் என்று போலீஸார் முறை வைத்திருக்கிறார்கள். பால்டாலுக்கு மேலே கொண்டை ஊசி வளைவுகளில் நான் பார்த்தது பாதி, கண்ணை மூடிக்கொண்டது பாதி. முன்னால் போன லாரியின் பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம் இருக்கலாம். “இன்றைக்கு ரோடு நன்றாக இருக்கிறது, சார்” என்றார் ஓட்டுநர், ஹிந்தியில். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

இந்த வழியாக 1948-இல் டாங்கிகள் போயின. லடாக்கைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல், ஸ்டூவர்ட் டாங்கிகளின் மேல்கூண்டைக் கழற்றி, யாருக்கும் தெரியாமல் ஸ்ரீநகர் வழியாகப் பால்டாலுக்குக் கொண்டுவந்தார்கள். கோவேறு கழுதைப் பாதையாக இருந்ததை டாங்கி ஏறும் பாதையாக வெட்டியவர்கள் ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ். ராணுவத்தில் அவர்களுக்கு இன்றும் ‘தம்பிகள்’ என்றுதான் பெயர். நவம்பர் 1 அன்று ஜெனரல் திம்மையாவே முன்வரிசை டாங்கியில் ஏறிக்கொண்டார். இவ்வளவு உயரத்தில், சுமார் 3,500 மீட்டரில், டாங்கி வரும் என்று எதிர்த்தரப்பு கனவிலும் நினைத்திருக்காது. நம் ஊர்ப் பையன்கள் கடப்பாரையும் வெடிமருந்துமாகக் குளிரில் இந்தப் பாறையை உடைத்திருப்பார்கள். சாலை போடுகிறவனுக்குப் பரம்வீர் சக்கரம் அபூர்வம், ஆனால் உண்டு. அதே ஆண்டு ஏப்ரலில் நௌஷேரா–ராஜௌரி சாலையில் கண்ணிவெடிகளையும் தடைகளையும் அகற்றிக்கொண்டே முன்னேறிய இரண்டாம் லெப்டினன்ட் ராமா ரகோபா ராணே பொறியாளர் பிரிவைச் சேர்ந்தவர்தான்.

திராஸ் வந்ததும் தலை கனக்கத் தொடங்கியது. 3,200 மீட்டருக்கு மேல். தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். குடித்துக்கொண்டே இருக்கிறேன்.

நான்காம் நாள் – திராஸ்

தூங்கவில்லை. ஆனாலும் எட்டு மணிக்கு நினைவகத்தில் இருந்தேன்.

கார்கில் போர் நினைவகம் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, தோலோலிங் மலையின் காலடியிலேயே இருக்கிறது. நுழைவாயிலில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனால் நேர் பாதை, இருபுறமும் கொடிகள், எதிரே இளஞ்சிவப்புக் கற்சுவர், அதில் பித்தளையில் பெயர்கள். நினைவகங்களைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு குறை உண்டு: எல்லாம் ஒன்றுபோல இருக்கும். இங்கே அந்தக் குறை நிற்கவில்லை. தலையைத் தூக்கினால் மலையே நிற்கிறது. எங்கே சண்டை நடந்ததோ அதே மலை. ஒரு மரம், ஒரு புதர்கூட இல்லை. ஏறுகிறவன் ஒளிய இடம் எங்கே என்று கண் தேடுகிறது.

ஒரு படைவீரர் வந்தவர்களை உட்காரவைத்து, கையை நீட்டி நீட்டிச் சிகரங்களைக் காட்டினார். தோலோலிங். அதற்கப்பால் டைகர் ஹில். மேற்கே பாயின்ட் 4875. இந்த ‘பாயின்ட்’ எண்கள் வேறொன்றும் அல்ல, வரைபடத்தில் குறித்த உயரம், மீட்டரில். நான் நிற்கும் இடத்திலிருந்து அந்தச் சிகரம் ஆயிரத்து அறுநூறு மீட்டர் மேலே. பரங்கிமலையைப் பதினைந்துக்கும் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். எனக்கோ தங்கும் விடுதியின் இரண்டாவது மாடிக்கு ஏறவே காலையில் மூச்சு வாங்கியது.

பையில் நான்கு பாராட்டுரைகளையும் அச்செடுத்து வைத்திருந்தேன். கார்கிலில் கிடைத்த நான்கு பரம்வீர் சக்கரங்கள்: கேப்டன் விக்ரம் பத்ரா, லெப்டினன்ட் மனோஜ் குமார் பாண்டே, கிரெனடியர் யோகேந்திர சிங் யாதவ், ரைபிள்மேன் சஞ்சய் குமார். சுவரோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே படித்தேன். யோகேந்திர சிங்கின் பாராட்டுரையில் ‘ஏறினார்’ என்று ஒரு சொல் வருகிறது. ஒரே சொல். அதைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்கினால் டைகர் ஹில்லின் செங்குத்துப் பாறை. 1999 ஜூலை 3 இரவு, கயிறு கட்டிக்கொண்டு முதலில் ஏறியவர் அவர். பாதியில் எந்திரத் துப்பாக்கி முழங்கியது. இடுப்புக்குக் கீழேயும் தோளிலும் குண்டுகள். மிச்சம் இருந்த அறுபது அடியையும் ஏறினார், தவழ்ந்து போய்ப் பதுங்குகுழிக்குள் கையெறி குண்டு வீசினார். வயது 19. பரம்வீர் சக்கரம் பெற்றவர்களில் மிக இளையவர்.

விருது அறிவித்தபோது ‘மறைவுக்குப் பின்’ என்று போட்டுவிட்டார்கள்! அதே சண்டையில் இறந்தவர் அதே பெயர்கொண்ட இன்னொருவர். இவர் மருத்துவமனையில் உயிரோடு கிடந்தார். முதல் முறையும் அல்ல இது. 1962-இல் பாங்கோங் ஏரிக்கரையில் சிரிஜாப்பில் மேஜர் தன்சிங் தாப்பா இறந்துவிட்டார் என்று விருது கொடுத்தார்கள். சீனர்களிடம் போர்க்கைதியாக இருந்த மனிதர் பிறகு நடந்து திரும்பி வந்தார். இந்தச் சக்கரத்தை வாங்கி உயிரோடு இருப்பதுதான் ராணுவத்துக்கே எதிர்பாராத விஷயம்போல.

பாராட்டுரையின் நடையைப் பலர் வறட்டுத்தனம் என்பார்கள். நான் அந்தக் கட்சியில்லை. செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு பல்லவர் கால நடுகல் உண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. அவன் பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன், திருடர் இருவரைக் கடித்தது என்று எழுதியிருக்கிறார்கள். வேறு ஒன்றும் இல்லை. யார், எங்கே, என்ன செய்தான். போதும், மிச்சத்தைப் பார்க்கிறவன் பார்த்துக்கொள்வான். கல்வெட்டில் ஒரே ஒரு வித்தியாசம்: திருடன் என்று வெளிப்படையாகப் போட்டுவிட்டார்கள். இங்கே எல்லாத் தாள்களிலும் ‘எதிரி’.

மாலையில் ஓட்டுநர் தன் வீட்டுக்கு உப்புத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார். 1999-இல் அவர் சிறுவன். குண்டு விழத் தொடங்கியதும் ஊரே சூரு பள்ளத்தாக்கு பக்கம் ஓடியது. அப்பா மட்டும் தங்கிவிட்டார். ராணுவத்துக்குச் சுமை தூக்க ஆள் வேண்டியிருந்தது. இரவில் வெடிமருந்தும் தண்ணீரும் முதுகில் ஏற்றிக்கொண்டு மேலே போவாராம், இறங்கும்போது சில நாள் வேறு சுமை. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“அப்பாவுக்கு ஏதாவது கொடுத்தார்களா, பாய்?”

“கூலி கொடுத்தார்கள். அப்புறம் அது” என்று மூலையைக் காட்டினார். பச்சை நிற ராணுவத் தகர கேன். மூடியைக் கட்டியிருந்த சங்கிலி போய், அந்த இடத்தில் செருப்பு வார் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். மண்ணெண்ணெய் வந்த கேன், இப்போது தண்ணீர் பிடிக்கிறார்களாம். “இருபத்தைந்து வருடமாகியும் ஒழுகவில்லை” என்றார். அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. கேனைத் தூக்கிப் பார்த்தேன். நிறைந்திருந்தது. ஒரு கையால் தூக்க முடியவில்லை, இரு கையாலும் தரையைவிட்டு ஒரு சாண்தான் எழும்பியது.

ஐந்தாம் நாள் – கார்கில்

படாலிக் போவதாகத் திட்டம். தலைவலியும் வாந்தியும் விடவில்லை. கார்கிலில் ஒரு அறையில் நாள் முழுவதும் கிடந்தேன். விடுதிக்காரர் பூண்டு ரசம்போல எதையோ கொண்டுவந்து கொடுத்தார். பூண்டு இருந்தது, ரசம் இல்லை.

படாலிக்குக்குப் போக நினைத்தது திருச்சிக்காரர் மேஜர் மாரியப்பன் சரவணனுக்காக. ராமேஸ்வரத்தில் பிறந்தவர், பீகார் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன். 1999 மே 29 அன்று ஜூபார் பகுதியில் விழுந்தார். ஒரு மாதத்துக்கும் மேல் உடலை எடுக்க முடியவில்லை. எடுக்கப் போனவர்கள்மேல் மேலிருந்து குண்டு வந்துகொண்டே இருந்தது. ஜூலையில்தான் மீட்டார்கள். அவருக்கு வீர் சக்கரம். பரம்வீர், மகாவீர், வீர் என்ற வரிசையில் மூன்றாவது. இந்த வரிசையை எப்படி அளக்கிறார்கள் என்று படுத்துக்கொண்டே நெடுநேரம் யோசித்தேன். பார்த்துச் சொல்ல ஒரு சாட்சி பிழைத்திருக்க வேண்டும். சொன்னதை எழுத ஓர் அதிகாரி வேண்டும். எழுதியது தில்லிவரை போய்ச் சேர வேண்டும். எல்லாரும் இறந்துபோன இடத்தில் என்ன வீரம் நடந்தது என்று எந்தத் தாளில் இருக்கும்?

எட்டாம் நாள் – சென்னை

இரண்டு நாள் பயணத்தில் கழிந்தது, சொல்ல ஒன்றுமில்லை. கீழே இறங்கியதும் தலைவலி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

இன்று காலை ஆட்டோ பிடித்து ஆற்காடு சாலைக்குப் போனேன். பரமேஸ்வரன் விஹார் வாசலில் காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்றார். பெயர்ப்பலகையைப் பார்க்க வந்தேன் என்றேன். பார்த்துக்கொள்ளுங்கள், வண்டியை மட்டும் வழியில் நிறுத்தாதீர்கள் என்றார். ஐந்து நிமிடம் நின்றேன். ஒரு பள்ளி வேன், ஒரு தண்ணீர் லாரி, முதுகில் உணவுப் பெட்டியோடு இரண்டு பையன்கள். ஒருவரும் பலகையைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகிறவர்கள் எதற்குப் பார்க்க வேண்டும்?

திரும்பும்போது ஆட்டோக்காரர் கேட்டார், “யார் சார் பரமேஸ்வரன்? சாமி இல்லையா?”

சொன்னேன். தில்லியில் பையனிடம் விழுங்கியதையும் சேர்த்துச் சொன்னேன்: யாழ்ப்பாணம், நவம்பர், இரவு, பறித்த துப்பாக்கி. அவர் ஒன்றும் பேசவில்லை. மெட்ரோ வேலைக்காக அடைத்து வைத்திருந்த இடத்தில் வண்டி ஊர்ந்தது. வடபழனி சிக்னலில் நின்றதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“தமிழ் ஆள்தானே சார் அவர்? இருட்டில் அந்தப் பக்கம் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவருக்குப் புரிந்திருக்குமே?”

பம்பாயில் வளர்ந்தவர், ஆனால் வீட்டில் தமிழ்தான் பேசியிருப்பார்கள், புரிந்திருக்கும் என்றேன். பச்சை விழுந்தது. பின்னால் இருந்த பஸ் ஹாரன் அடித்தது. அவர் வண்டியை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.